என் ஸ்டாம்ப் அவள் கையில் இருந்தது

எதைத் திறந்தாலும் உள்ளே ஒரு பச்சைப் பலகை இருக்கும். டிவி ரிமோட், வாஷிங் மெஷின், கரண்ட் மீட்டர், எலக்ட்ரிக் ஸ்கூட்டர், ஆஸ்பத்திரியில் நோயாளியின் தலைமாட்டில் கத்திக்கொண்டிருக்கும் பெட்டி, எதுவானாலும் சரி. ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு ஒயர் இழுத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்ததாம். இப்போது அந்த ஒயரெல்லாம் பலகையின் மேலேயே செம்புக் கோடாக வந்துவிடுகிறது. பலகை முழுக்கச் செம்பை ஒட்டி, கோடு வேண்டிய இடத்தை மட்டும் மூடிவைத்து, மீதியைத் திராவகத்தில் கரைத்து எடுத்துவிடுவார்கள். மேலே பச்சைப் பூச்சு. படித்தவர்கள் பி.சி.பி. என்பார்கள். எங்களுக்குப் போர்டு.

போர்டு என்று ஒன்று உள்ளே இருப்பதே ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. சாமான் கெட்டுப்போய் மெக்கானிக் வந்து "போர்டு போயிடுச்சி" என்று சொல்லும்போதுதான் தெரியும். உடனே செய்தவனைத் திட்டுவார்கள். செய்தவன் எங்கே, செய்தவள்தான். அந்தத் திட்டு வாங்குகிறவர்களில் நானும் ஒருத்தி. வாங்கவேண்டிய திட்டுக்கு மேலேயே வாங்கியிருக்கிறேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் கம்பெனிகள்தான் கண்ணுக்குத் தெரியும். புகையும் சத்தமும் அங்கே. என் வீட்டுக்காரர் அப்படி ஒரு மில்லில் வேலை செய்கிறார்; சட்டையைத் துவைத்தால் தண்ணீர் கறுப்பாகும். எங்கள் கம்பெனி அதற்கு நேர் எதிர். செருப்பைக் கழற்றிவிட்டு வேறு செருப்பு, தலைக்குத் தொப்பி, மேலே கோட்டு, ஜில்லென்று ஏசி. மாமியார் ஒருமுறை, "நீ இன்னா ஆபரேஷனா பண்ற?" என்று கேட்டார். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு நீலக் கோட்டு, கம்பெனி ஆட்களுக்கு வெள்ளைக் கோட்டு. நான் வருஷக்கணக்காக நீலம்.

என் வேலை பார்ப்பது. வெறும் பலகையாக வரும் போர்டில் சின்னச் சின்னச் சாமான்களைப் பொருத்தி, உருகிய ஈயத்தின் மேல் ஓட விட்டு எடுப்பார்கள். அப்படி ஒட்டி வந்ததை விளக்கு வைத்த பூதக்கண்ணாடியின் கீழே வைத்து, ஈயம் சரியாகப் பிடித்திருக்கிறதா, இரண்டு கோட்டுக்கு நடுவில் சொட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறதா, எதையாவது தலைகீழாகப் பொருத்தியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் ஓரத்தில் ஸ்டாம்ப். வட்டத்துக்குள் ஒரு எண், அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு எண். போர்டு டெல்லியில் யார் வீட்டில் செத்தாலும் அந்த எண்ணைப் பார்த்து இங்கே என்னைக் கூப்பிடுவார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அதைச் சம்பளத்துக்குச் செய்தவள் நான். பெருமையாகத்தான் சொல்கிறேன். நான் பார்த்த போர்டு திரும்பி வந்ததில்லை.

எங்கள் உடம்பில் இருக்கும் மின்சாரம் போர்டைக் கெடுத்துவிடும் என்பதால் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டி, அதன் ஒயரை மேசையில் மாட்டியிருப்போம். கொல்லையில் மாட்டைக் கட்டியது மாதிரிதான். எழுந்து போக வேண்டுமானால் கழற்ற வேண்டும். ஸ்டாம்பை டிராயரில் வைத்துப் பூட்ட வேண்டும் என்பது சட்டம். ஆனால் நாம் எழுந்தோம் என்று லைன் நிற்காது. மாற்று ஆளும் கிடையாது. நாலு பேர் பாத்ரூம் போய்வந்தால் மேசையில் போர்டு மலையாகிவிடும். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். எழுந்து போகிறவள் ஸ்டாம்பைப் பக்கத்து மேசை விளக்கின் அடியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவாள். வாயால் ஒன்றும் சொல்ல மாட்டாள். பக்கத்து ஆள் தன் போர்டை ஒதுக்கிவிட்டு அவள் போர்டைப் பார்த்து, அவள் ஸ்டாம்பைக் குத்துவாள். தன்னுடையதை விட இரவல் ஸ்டாம்பை ஒருபடி கூடுதலாகப் பார்த்துக் குத்த வேண்டும் என்பது எழுதாத சட்டம். கல்யாணத்துக்கு இரவல் வாங்கிய நகையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதில்லையா, அப்படி. "தாலிய அடகு வச்சிட்டுப் போறா பாரு" என்று கிண்டல் செய்வோம். லைன் லீடர் அக்காவுக்குத் தெரியும். சூப்பர்வைசருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். போர்டு போய்க்கொண்டிருக்கும்வரை யாரும் கேட்கவில்லை.

என் ஸ்டாம்ப் எப்போதும் போவது ஒருத்தியின் மேசைக்குத்தான். எங்கள் பக்கத்து ஆரணிக்காரி. நான் பொன்னேரியில் ரயில் ஏறினால் அவள் கவரப்பேட்டையில் ஏறுவாள். அவளுக்காக ஜன்னல் பக்கம் என் பையை வைத்து இடம் போட்டுவைப்பேன். கம்பெனியில் சேர்ந்த புதிதில் ஈயப் புகை ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவளை என் மேசைக்குப் பக்கத்தில் கேட்டு வாங்கி உட்காரவைத்தது நான்தான். அவள் மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தால் என் டிபன் டப்பாதான் அவளுக்கும். கருவாட்டுக் குழம்பு வைத்தால் அவளுக்கென்று தனியாக எடுத்துப் போவேன். எனக்குக் கூடப்பிறந்தவள் இல்லை. இருந்தால் இவளைப் போல இருப்பாள் என்று என் வீட்டுக்காரரிடமே சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் வாயைக் கழுவிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த வருஷம் இன்ஸ்பெக்ஷன் மேசையில் இருப்பவர்களில் சிலரைக் கம்பெனி ஆட்களாக எடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. பேச்சில் என் பெயரும் இருந்தது, அவள் பெயரும் இருந்தது. வெள்ளைக் கோட்டு. கான்ட்ராக்டர் முகத்தைப் பார்த்துப் பயப்படாத வேலை. என் கண்ணுக்குக் கிடைக்கப்போகும் மரியாதை என்று நான் அதை நினைத்தேன். ரயிலில் இரண்டு பேரும் வேறு பேசவில்லை.

எனக்கு அப்போது மாதவிலக்கு நாட்களில் வலி உயிரை எடுக்கும். கர்ப்பப்பையில் கட்டி என்று பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் உட்கார முடியவில்லை. பூதக்கண்ணாடியில் போர்டு இரண்டாகத் தெரிந்தது. அவள்தான் முதலில் கவனித்தாள்.

"இன்னாக்கா, மூஞ்சி வெளுத்துப் போச்சி. போய்ப் படு."

"ஃபர்ஸ்ட் எய்டுக்குப் போனா கான்ட்ராக்டருக்குச் சொல்லிடுவாங்கடி. இந்த நேரத்துல வேணாம்."

"அங்க யாரு போவச் சொன்னா? துணி மாத்தற ரூம்ல அட்டப்பொட்டி கீது. விரிச்சிப் போட்டுப் படு. நான் பாத்துக்கறேன்."

ஸ்டாம்பை அவள் விளக்கின் அடியில் கவிழ்த்து வைத்தேன். எதிர் மேசைப் பெண்கள் பார்த்தார்கள். லைன் லீடர் அக்கா என்னைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் விட்டு, மேலே தன் துப்பட்டாவைப் போர்த்திவிட்டுப் போனாள். ஷிப்ட் முடியும்வரை நான் எழுந்திருக்கவில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் இப்படித்தான் சொல்வேன், ஏனென்றால் இப்படித்தான் நடந்தது.

அன்றைக்கு லைனில் ஓடியது இன்வெர்ட்டருக்குப் போகும் போர்டு. அதில் சின்ன டிரம் மாதிரி நிற்கும் கெப்பாசிட்டர் ஒன்று. அதற்குத் திசை உண்டு. அதன் உடம்பில் ஒரு பக்கம் வெள்ளைப் பட்டை இருக்கும். போர்டில் அந்தப் பட்டை எந்தப் பக்கம் வர வேண்டும் என்று அச்சடித்திருக்கும். மாற்றிப் பொருத்தினால் டெஸ்ட்டில் ஒன்றும் தெரியாது. வீட்டில் மாட்டிச் சில நாள் ஓடிய பிறகு வயிறு ஊதி வெடிக்கும். கொஞ்ச நாள் கழித்து அப்படி வெடித்த போர்டுகள் திரும்பி வந்தன. எல்லாம் அந்த ஒரே நாளில் செய்தவை. எல்லாவற்றிலும் என் எண்.

குவாலிட்டி மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு போர்டை மேசையில் வைத்தார். கண்ணாடி வேண்டாம், விளக்கு வேண்டாம், நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. வெள்ளைப் பட்டை தப்பான பக்கம்.

"இது உங்க ஸ்டாம்ப்தானே?"

"ஆமா சார்."

"நீங்க பாத்தீங்களா?"

எந்த மத்தியானம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கு இரண்டு பேர் வேலை. என் பக்கம் கிடந்த மலையைத் தீர்க்க, பார்க்காமலே குத்தித் தள்ளியிருக்கிறாள். அதைக்கூட நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்காகத்தானே சுமந்தாள். அவளே வந்து சொல்லட்டும், நாமாகக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நின்றேன். மறுநாள் விசாரணை என்றார்கள்.

திரும்பி வரும்போது ரயிலில் அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள்.

"என் ஊட்ல விஷயம் தெரிஞ்சா அவ்ளோதான்கா. ஆனா நான் சொல்லிடறேன். நாளைக்கு நானே சொல்லிடறேன். உன் மேல வுடமாட்டேன்."

நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். "அழாத, ரெண்டு பேருமா போய்ச் சொல்லலாம். ஸ்டாம்ப் மாத்தறது எல்லாரும் பண்றதுதான், புரிஞ்சிப்பாங்க" என்றேன். கவரப்பேட்டையில் இறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு கைகாட்டினாள். நல்லவள், பயந்துவிட்டாள், என்று நினைத்துக்கொண்டே பொன்னேரி வந்து சேர்ந்தேன்.

மறுநாள் அந்த அறையில் மேனேஜர், ஹெச்.ஆர். ஆள், கான்ட்ராக்டர் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒரு ஓரமாக நின்றேன். பக்கத்து மேசை என்பதால் முதலில் அவளைத்தான் கூப்பிட்டார்கள். "இவங்க ஸ்டாம்பை வேற யாராவது யூஸ் பண்ண வாய்ப்பு இருக்கா?" என்று மேனேஜர் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

"அந்தக்கா ஸ்டாம்ப யார் கையிலயும் குடுக்காது சார். அதுல ரொம்ப கரெக்டு."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பொய்ப் புகார் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பாராட்டி அல்லவா குழியில் தள்ளினாள். அந்த ஒரு வார்த்தையோடு, பட்டை எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியாத குருடி நான் என்று ஆகிவிட்டது. கூட இருந்தே குழி பறிப்பது என்பதை அதுவரை பழமொழியாகத்தான் கேட்டிருந்தேன்.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "சார், அன்னிக்கு மத்தியானம் நான் மேசையிலயே இல்ல. ஸ்டாம்ப் இவ கையிலதான் இருந்துச்சி. லைன்ல எல்லாருக்கும் தெரியும், கேட்டுப்பாருங்க" என்றேன். கேட்டார்கள். ஒவ்வொருத்தியாக வந்தார்கள். தினமும் ஸ்டாம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகிற எதிர் மேசைக்காரி, "எங்க லைன்ல அந்தப் பழக்கமே கெடையாது சார்" என்றாள். அவளுக்குப் பின்னால் வந்தவளும் அதையே சொன்னாள். முந்தின நாள்தான் என்னிடம் தன் ஸ்டாம்பை வைத்துவிட்டுப் போனவளும் அதையே சொன்னாள். கடைசியாக லைன் லீடர் அக்கா. எனக்குத் துப்பட்டா போர்த்திவிட்டவள். "எனக்கு ஞாபகம் இல்ல சார்" என்றாள். அவள் ஒருத்திதான் இல்லை என்று சொல்லாமல் ஞாபகம் இல்லை என்றாள். அந்த மட்டும் அவளுக்கு ஒரு நன்றி.

அவர்கள் பயம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஸ்டாம்ப் மாற்றினால் வேலை போகும். ஒருத்தி ஒத்துக்கொண்டால் லைன் மொத்தமும் போகும். எல்லார் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். தெரிகிறது. தெரிந்தால் மட்டும் ஆத்திரம் அடங்கிவிடுமா?

மேனேஜர் கெட்டவர் இல்லை. வருத்தமாகவே பேசினார். "கவனிக்காம விட்டுட்டேன்னு சொல்லியிருந்தா வார்னிங்கோட முடிச்சிருப்போம்மா. கூட வேலை செய்யற பொண்ணு மேல பழியப் போடறீங்களே. உங்களுக்காக எவ்வளவு நல்லா சொன்னா அவ." கான்ட்ராக்டர் அன்றைக்கே என் நீலக் கோட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

பொன்னேரியில் ஒரு துணிக்கடையில் நிற்க ஆரம்பித்தேன். நைட்டி பிரித்துக் காட்டி மடித்து வைக்கும் வேலை. நடுவில் கட்டியை எடுக்க ஆபரேஷனும் ஆனது. படுக்கையில் கிடந்தபோது வீட்டுக்காரர், "வேல தானே, போனா போவுது, வுடு" என்பார். வேலை போனதை நான் விட்டுவிட்டேன். என் கண் போய்விட்டது என்ற கதைதான் என்னை விடவில்லை. தெருவில் ஒரு பெண், "போர்டு பாக்காம வுட்டுட்டியாமே" என்று அனுதாபமாகக் கேட்டாள். சிப்காட்டில் பேச்சு ரயிலை விட வேகமாகப் போகும். ஒருத்தராவது, ஒரே ஒருத்தராவது, அந்தப் போர்டை நான் பார்க்கவில்லை என்று வாயால் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஆபரேஷன் புண் ஆறி நான் மறுபடி கடைக்குப் போய்க்கொண்டிருந்த சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஆப்பிள். வெள்ளைக் கோட்டு ஆகிவிட்டாள், லைன் லீடரும் ஆகிவிட்டாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பழைய லைன் லீடர் வேலையை விட்டுவிட்டாளாம். கம்பெனியில் ஆர்டர் குவிந்து கிடக்கிறது, கை பழகிய ஆள் கிடைக்கவில்லை, அதனால் வந்தேன் என்றாள்.

"வந்துடுக்கா. இன்ஸ்பெக்ஷன் குடுக்க மாட்டாங்க. ஈயம் சரி பண்ற மேசையில உக்காந்துக்க. நான் பேசிட்டேன்."

"அவங்ககிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டேன்.

"எத்த?"

"அன்னிக்கு நடந்தத."

அவள் கண் கலங்கியது. "அத்த இன்னும் எதுக்குக்கா கிளறிக்கினு. எல்லாரும் மறந்துட்டாங்க. நீ வா மொதல்ல."

கண் கலங்கியதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். அவளை வெளியே போ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன். வீட்டு நிலைமை ஒரு பக்கம். அந்த வெளிச்சமும் போர்டும் இல்லாமல் என் கை நமநமவென்று கிடந்தது இன்னொரு பக்கம். உள்ளுக்குள் இன்னொன்றும் இருந்தது. நேராகச் சொல்ல முடியாததை இப்படித் திருப்பிக் கொடுக்கப் பார்க்கிறாள், பக்கத்தில் இருந்தால் ஒரு நாள் அவளே சொல்லிவிடுவாள் என்று நம்பினேன். அவ்வளவு பட்டும் நம்பினேன் பாருங்கள்.

முதல் நாள் மணிக்கட்டில் பட்டையைக் கட்டி, ஒயரை மாட்டி, ஈயம் சரியில்லாத இடங்களை எடுத்துச் சரி செய்து அடுத்த மேசைக்குத் தள்ளிக்கொண்டிருந்தேன். லைனில் பாதிப் பேர் புதுப் பெண்கள். இன்ஸ்பெக்ஷனில் இருந்தவள் சின்னப்பெண், ஊத்துக்கோட்டைப் பக்கம். ஆரணிக்காரி வெள்ளைக் கோட்டில் அந்த மேசைக்கு வந்து, குனிந்து, மெதுவாகத்தான் சொன்னாள். எனக்குக் கேட்கக் கூடாது என்றுதான் மெதுவாகச் சொன்னாள்.

"தோ, அந்தக்கா கிட்டேருந்து வர்ற போர்ட மட்டும் இன்னொருவாட்டி பாத்துடும்மா. பாவம், அதுக்குக் கண்ணு கொஞ்சம் முன்ன பின்ன."

நான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். கேலி இருக்கிறதா என்று தேடினேன், பயம் இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றுமே இல்லை. அக்கறைதான் இருந்தது. உண்மையான அக்கறை. இவள் பொய் சொல்லவில்லை. அந்த மத்தியானத்தை எப்போதோ தனக்குள் மாற்றிப் பொருத்திக்கொண்டுவிட்டாள். அவள் மனதிலும் அந்தப் போர்டுகளைப் பார்த்தவள் நான்தான்.

"அந்த ஸ்டாம்ப் உன் கையிலதான்டி இருந்துச்சி" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். லைன் முழுக்கத் தலை நிமிர்ந்தது.

அவள் என்னிடம் வந்து தோளில் கை வைத்தாள். கோபமே படவில்லை.

"இன்னும் அதையே சொல்லிக்கினு இருந்தா எப்டிக்கா" என்றாள்.

புதுப் பெண்கள் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். அப்புறம் ஒவ்வொருத்தியாகக் குனிந்து தங்கள் வேலையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஊத்துக்கோட்டைப் பெண் நான் தள்ளிவிட்ட போர்டை எடுத்து விளக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். வைத்துவிட்டு, மறுபடி எடுத்துப் பார்த்தாள்.